சாரயேவோவில் மூன்று நாள்: வக்பு கட்டிய நகரத்தை எப்படிப் பார்ப்பது?

அக்டோபர் முதல் வாரத்தில் போஸ்னியாவின் தலைநகரான சாரயேவோவில் மூன்று நாள் தங்கப்போவதாகவும், உதுமானியத் துருக்கி சுல்தான்கள் ஆண்ட காலத்துக் கட்டடங்களைப் பார்ப்பதே முதன்மையான நோக்கம் என்றும், அந்த மூன்றில் ஒரு நாளை மொஸ்தார் பாலத்துக்கு ஒதுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பதில் இதுதான்: இரண்டு நாளை முழுவதுமாக நகரத்துக்கே கொடுங்கள், மூன்றாம் நாள் ட்ராவ்னிக் ஊருக்குப் போய் வாருங்கள், மொஸ்தாரில் ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டும் அங்கே போங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சாரயேவோ உதுமானியர் கைப்பற்றிய பழைய தலைநகரம் அன்று. அவர்களே உண்டாக்கிய நகரம். மில்யாட்ஸ்கா என்னும் சிறிய ஆறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கில், எல்லைப்புற ஆளுநராக இருந்த ஈசா பேக் இசாகோவிச், 1462-ல் எழுதி வைத்த வக்பு சாசனத்தைத்தான் ஊரின் பிறப்புச் சான்றிதழாகக் கருதுகிறார்கள். ஆற்றின் மீது ஒரு பாலம், வணிகர் தங்கச் சத்திரம், வழிப்போக்கருக்குச் சோறு போடும் மடம், பொதுக் குளியற்கூடம் ஆகியவற்றைக் கட்டி, அவற்றை நடத்துவதற்கு வருமானம் தரும் கடைகளையும் மாவரைக்கும் ஆலைகளையும் அவர் எழுதி வைத்தார். அவர் கட்டிய மாளிகையால், அதாவது ‘சராய்’ என்ற சொல்லால்தான் ஊருக்கே பெயர் வந்தது. வக்பு, அதாவது அறப்பணிக்கென நிலையாக எழுதி வைத்த சொத்து, தமிழ் வாசகர்கள் பலருக்குப் புதிதல்ல. போஸ்னியர்கள் அதையே ‘வகுஃப்’ என்கிறார்கள். பள்ளிவாசலைச் சுற்றிய குடியிருப்பு அங்கே ‘மஹலா’, அதன் மக்கள் ‘ஜெமாத்’. நம் ஊர் மஹல்லா ஜமாஅத்தை அறிந்தவர் அந்தப் பலகைகளை அகராதி இல்லாமலே படித்துவிடலாம்.

வக்பு என்ற இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பழைய சந்தையான பாஷ்சார்ஷியாவுக்குள் நுழையுங்கள். பெரும்பாலான பயணிகள் பள்ளிவாசலைப் பக்திக்கும் கடைத்தெருவை வாங்குவதற்கும் எனப் பிரித்துப் பார்க்கிறார்கள். அங்கே இரண்டும் ஒரே பொறியின் இரு சக்கரங்கள். கடை வாடகை மத்ரசா ஆசிரியருக்குச் சம்பளமாகும்; சத்திரத்தின் வருமானம் கஞ்சிக் கூடத்தின் அடுப்பை எரிக்கும்; குளியற்கூடத்துக்குக் கொண்டுவந்த தண்ணீர் தெருக்குழாய்க்கும் போகும். இந்தப் பொறியை மிகப் பெரிதாகக் கட்டியவர் சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மகள் வயிற்றுப் பேரனும், 1521 முதல் 1541 வரை பெரும்பகுதிக் காலம் போஸ்னியாவை ஆண்டவருமான காஸி ஹுஸ்ரேவ் பேக். 1531-ல் முடிந்த அவருடைய பள்ளிவாசலை முதலில் பாருங்கள். பாரசீகத்திலிருந்து வந்த ‘அஜெம் எசிர் அலி’ என்பவரே கட்டடக் கலைஞர் என்பது பொதுவான கருத்து. முற்றத்தின் மரக்கூரை போட்ட நீர்த்தடாகத்தில் கைகால் கழுவுவோரும், அந்தத் தண்ணீரைக் குடிக்க வரிசையில் நிற்கும் பள்ளிச் சிறுவர்களும், அருகிலுள்ள அடக்கத்தலத்தின் சன்னலுக்கு முன்னால் ஒரு நொடி நின்று கையேந்திவிட்டுப் போகும் முதியவர்களும் கட்டடத்தைவிட அதிகம் சொல்வார்கள்.

பள்ளிவாசலுக்கு நேர் எதிரே 1537-ல் கட்டிய மத்ரசா இருக்கிறது. கூரையில் ஈயத்தகடு போட்டதால் அதற்குக் ‘குர்ஷும்லியா’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அதன் சாசனத்தில் ஒரு நிபந்தனை உண்டு: கட்டடச் செலவு போக எவ்வளவு பணம் மிஞ்சினாலும் அதைக் கொண்டு நல்ல நூல்கள் வாங்க வேண்டும். அந்த மிச்சப் பணத்தில் பிறந்த நூலகம் இன்றும் இயங்குகிறது. 1990-களின் போஸ்னியப் போரில் நகர் முற்றுகையிடப்பட்டிருந்தபோது ஊழியர்கள் அதன் கையெழுத்துச் சுவடிகளை வாழைப்பழப் பெட்டிகளில் அடுக்கி, ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தூக்கிச் சென்று காப்பாற்றினார்கள். 2014-ல் திறந்த புதிய கட்டடத்தில் இப்போது அவை இருக்கின்றன. அதே வக்பின் இரட்டைக் குளியற்கூடம் இன்று ஒரு பண்பாட்டு நிறுவனத்தின் கட்டடத்துக்குள் அடங்கியிருக்கிறது. கல்லால் கட்டிய பெரிய சத்திரம் 1879-ல் நகரைத் தின்ற தீயில் சிதைந்துபோய், ஒரு விடுதியின் ஓரத்தில் அடித்தளம் மட்டும் தெரிகிறது. அதை ஒட்டி நூறு மீட்டருக்கு மேல் நீளும் மூடிய அங்காடியில் இப்போது கைப்பைகளும் கறுப்புக் கண்ணாடிகளும்தான் விற்கிறார்கள். பலர் இதைக் கண்டு சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. வாடகை வரும்வரை அங்காடி அங்காடிதான்.

பள்ளிவாசலை ஒட்டிய மணிக்கூண்டின் கீழே ஐந்து நிமிடம் நில்லுங்கள். லண்டனில் செய்த அந்தக் கடிகாரம் உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒருபோதும் ஒத்துப்போகாது. பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அது பழைய துருக்கிக் கணக்கில் ஓடுகிறது: சூரியன் மறையும் நேரமே அதற்குப் பன்னிரண்டு மணி, அங்கிருந்துதான் புதிய நாள் தொடங்கும். நீங்கள் போகும் அக்டோபர் தொடக்கத்தில் மாலை சுமார் 6.25-க்குச் சூரியன் மறையும். ஆகவே உங்கள் கடிகாரம் 4.25 காட்டும்போது கூண்டின் பொன்னிற முட்கள் பத்தைக் காட்டும். சூரியன் மறையும் நேரம் நாளுக்கு நாள் நகர்வதால் அந்தப் பழைய இயந்திரம் இதைத் தானாகச் செய்ய முடியாது. ‘முவெகித்’ எனப்படும் காலக்கணிப்பாளர் மரப்படிகளில் ஏறிக் கையாலேயே முள்ளைத் திருத்துகிறார். தொழுகை நேரம் குறிப்பதற்காக ஏற்பட்ட இந்தப் பதவி இன்னும் ஒழியவில்லை.

பள்ளிவாசலுக்குப் பின் சந்தைக்குள் எதைப் பார்ப்பது என்று குழம்பினால் புரூசா பெசிஸ்தானிலிருந்து தொடங்குங்கள். பேரரசின் முதலமைச்சராக இருந்த ருஸ்தெம் பாஷா, பூர்சா நகரத்துப் பட்டை விற்பதற்காக 1551-ல் கட்டிய குவிமாட அங்காடி அது. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அதன் நடுவில் பழைய நகரின் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கால்மணி நேரம் சுற்றிவந்தால் பிறகு சந்துகளில் வழி தவறாது. தொழிலுக்கு ஒரு தெரு என்பது பழைய ஏற்பாடு; பெயர்கள் மிஞ்சிய அளவுக்குத் தொழில்கள் மிஞ்சவில்லை. செம்புக்கொல்லர் தெருவான கஸான்ஜிலுக்கில் மட்டும் இன்னும் சுத்தியல் ஓசை கேட்கிறது. அங்கும் பளபளப்பாகத் தொங்குபவற்றில் பாதி ஆலைச் சரக்கு. வாசலில் ஒருவர் அமர்ந்து தட்டிக்கொண்டிருக்கும் கடையில் வாங்குங்கள். கையால் தட்டிய செம்பின் உட்புறத்தைத் தடவினால் சிறு குழிகள் விரலில் தட்டுப்படும். அழுத்தி வார்த்ததில் வழுவழுப்பு மட்டுமே இருக்கும். பீரங்கிக் குண்டுகளின் வெற்றுக் கூடுகளில் பூவேலை செய்தும் விற்கிறார்கள். வாங்குவதும் விடுவதும் உங்கள் மனத்தைப் பொறுத்தது. விமான நிலையச் சோதனையில் நிறுத்துவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காப்பியை நின்றுகொண்டு குடிக்காதீர்கள். ‘ஜெஸ்வா’ என்னும் நீண்ட பிடி வைத்த செம்புப் பாத்திரத்தில் பொடியை வெறுமனே சற்றுச் சூடாக்கி, கொதிநீரை அதன் மேல் ஊற்றி, மீண்டும் அடுப்பில் காட்டி நுரை எழும்பும்போது இறக்குவது போஸ்னிய முறை. பொடியையும் நீரையும் சேர்த்தே கொதிக்க வைக்கும் துருக்கி முறையோடு இதை ஒன்றாக்கிப் பேசினால் உள்ளூர்க்காரர் உடனே திருத்துவார். செம்புத் தட்டில் ஜெஸ்வா, பிடியில்லாத ‘ஃபில்ஜான்’ கிண்ணம், சர்க்கரைக் கட்டி, ஒரு துண்டு மிட்டாய் எல்லாம் சேர்ந்து வரும். மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் எடுத்து முதலில் கிண்ணத்தில் இட்டு, பிறகு காப்பியை ஊற்ற வேண்டும். சர்க்கரைக் கட்டியின் ஓரத்தைக் காப்பியில் நனைத்துக் கடித்துவிட்டு ஒரு மிடறு குடிப்பார்கள், கலக்குவதில்லை. மொரிச்சா ஹான் என்ற பழைய வணிகர் சத்திரத்தின் முற்றத்தில் அமர்ந்து இதைக் குடித்தால், கீழே குதிரைகளும் மேலே பயணிகளும் தங்கிய அமைப்பையும் பார்த்தது போலாகும்.

இனி, படங்களில் எல்லோரும் காட்டும் இரண்டு கட்டடங்களைப் பற்றிச் சற்று எச்சரிக்க வேண்டும். சதுக்கத்தின் நடுவே புறாக்கள் சூழ நிற்கும் ‘செபில்’ என்னும் மரத் தண்ணீர்ப் பந்தலை உதுமானியச் சின்னம் என்றே அச்சிட்டு விற்கிறார்கள். மெஹ்மெத் பாஷா குகாவிட்சா 1753-ல் கட்டியது வேறு. இப்போதுள்ளது 1891-ல், ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சியின்போது அலெக்சாண்டர் விட்டெக் என்ற கட்டடக் கலைஞர் புதிதாக வரைந்தது. அவருடைய கைபட்ட மற்றொன்று ஆற்றங்கரையில் நிற்கும் நகர மன்றக் கட்டடமான வியெச்னித்சா; 1896-ல் திறந்தது. 1878-ல் போஸ்னியாவைக் கைக்கொண்ட வியன்னா அரசு, புதிய குடிமக்களுக்கு உகந்ததாக இருக்கட்டும் என்று ‘கிழக்கத்திய’ பாணியைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் தேடிப் பிடித்தது கெய்ரோவின் வளைவுகளையும் ஸ்பெயின் மூர்களின் பட்டைக் கோடுகளையும். அவற்றுக்கும் நூறு தப்படியில் நிற்கும் உண்மையான உதுமானியக் கல்வேலைக்கும் உறவே இல்லை. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிட்டால், ஒரு பேரரசு கட்டியதும் அதைப் பற்றி அடுத்த பேரரசு கற்பனை செய்ததும் தனித்தனியாகப் புலப்படும்.

இருந்தாலும் வியெச்னித்சாவுக்குள் கட்டாயம் போக வேண்டும். தேசிய நூலகமாக இருந்த அது 1992 ஆகஸ்ட் 25 இரவு குன்றுகளிலிருந்து எறிந்த குண்டுகளால் பற்றி எரிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அழிந்தன. மறுநாள் ஊர் முழுவதும் கருகிய தாள் பறந்து விழுந்தது. 2014-ல் பழையபடி கட்டித் திறந்தார்கள். ஆற்றின் எதிர்க்கரையில் ‘இனாத் குச்சா’, அதாவது வீம்பு வீடு இருக்கிறது. மன்றம் கட்டுவதற்காகத் தன் வீட்டை விட்டுத்தர மறுத்த ஒரு கிழவர், ஒரு பை தங்கக் காசும், வீட்டைக் கல் கல்லாகப் பெயர்த்து அக்கரையில் அப்படியே கட்டித்தர வேண்டும் என்ற உறுதியும் கேட்டு வாங்கியதாகக் கதை. வீம்பைக் குறிக்கும் ‘இனாத்’ என்ற அந்தச் சொல்லும் துருக்கி வழியாக வந்ததே. போஸ்னியர்கள் தங்கள் குணத்தைச் சொல்ல அதைத்தான் பெருமையோடு எடுப்பார்கள்.

சந்தையிலிருந்து மேற்கே ஃபெர்ஹாதியா தெருவில் நடந்தால், தரையில் ஒரு கோடும் நகரப் பெயரும் பதித்திருப்பதைக் காண்பீர்கள். கோட்டுக்குக் கிழக்கே தாழ்ந்த ஓட்டுக்கூரைகள். மேற்கே வியன்னாவின் அடுக்குமாடிகள். அந்த எல்லையைச் சுற்றிலும் கூப்பிடு தொலைவுக்குள் பள்ளிவாசல், பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், கத்தோலிக்கப் பேராலயம், யூதத் தொழுகைக்கூடம் ஆகிய நான்கும் உள்ளன. நேரம் குறைவென்றால் யூதக் கூடத்தைத் தேர்ந்தெடுங்கள். 1492-ல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டோரின் வழிவந்தவர்களுக்காகச் சியாவுஷ் பாஷா என்ற உதுமானிய அதிகாரி குடியிருப்பு கட்டியபோது, 1581-ல் அதனருகே எழுந்தது அது; இன்று அருங்காட்சியகம். ஏறத்தாழ 1350-ல் ஸ்பெயினில் எழுதிய ‘சாரயேவோ ஹகாதா’ என்ற யூத ஓவியச் சுவடி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அதை நாஜிகளிடமிருந்து மறைத்துக் காத்தவர், அங்கே பணியாற்றிய தெர்விஷ் கொர்குத் என்னும் முஸ்லிம் அறிஞர்.

லத்தீன் பாலத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1914 ஜூன் 28 அன்று இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் காவ்ரிலோ பிரின்சிப் சுட்ட தெருமுனை அதன் எதிரே இருக்கிறது. ஒரு பலகையும் சிறிய அருங்காட்சியகமும் உண்டு. இருபது நிமிடம் போதும்.

முற்றுகையை விட்டுவிட்டு நகரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை 1,425 நாள் சாரயேவோ சுற்றி வளைக்கப்பட்டிருந்தது. முற்றுகை தொடங்கியதன் இருபது ஆண்டு நிறைவில் முதன்மைத் தெருவில், இறந்தோரின் எண்ணிக்கைக்கு ஈடாக 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாகப் போட்டு வைத்தார்கள். நடைபாதையில் குண்டு விழுந்த பள்ளங்களில் சிவப்புப் பிசினை ஊற்றி வைத்திருப்பதை ‘சாரயேவோ ரோஜா’ என்கிறார்கள். அதன் மேல் காலை வைக்காமல் விலகி நடப்பது வழக்கம். விமான ஓடுபாதைக்கு அடியில் 1993-ல் கையால் தோண்டிய, சுமார் 800 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் ஒரு சிறு பகுதிக்குள் இன்றும் குனிந்து நடக்கலாம். உணவு, மருந்து, ஆயுதம், காயம்பட்டவர் என எல்லாமே அந்த ஒரு மீட்டர் அகலத்தின் வழியாகத்தான் போய் வந்தன. இந்திய வாசகர்களுக்கு ஓர் இடைச்செய்தி: அன்றைய யூகோஸ்லாவியாவுக்கு அனுப்பிய ஐ.நா. அமைதிப் படையின் முதல் தளபதி இந்தியரான லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார்; 1992-ல் அவருடைய தலைமையகம் தொடக்கத்தில் இந்த நகரில்தான் இருந்தது.

இரண்டாம் நாள் பிற்பகலைச் சரிவுகளுக்கு வையுங்கள். சந்தையில் யாரும் குடியிருப்பதில்லை, தொழில் மட்டுமே. குடும்பங்கள் மேலே மஹலாக்களில் இருக்கும் என்பது உதுமானிய நகரின் அடிப்படை விதி. அதனால் கீழேயே சுற்றிவிட்டுத் திரும்புகிறவர் பாதி நகரத்தைத்தான் பார்க்கிறார். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்வர்ஸோ வீட்டில் ஆண்கள் விருந்தினரை வரவேற்கும் பகுதியும் குடும்பப் பகுதியும் தனித்தனி முற்றங்களோடு இருக்கின்றன. சுவரையே மரப் பேழையாக்கி, அதற்குள் படுக்கையையும் குளிக்கும் இடத்தையும் ஒளித்திருக்கிறார்கள். அறைக்குள் இருக்கை என்று தனியாக ஒன்றும் இல்லை. சுவரோரத் திண்ணையும் விரிப்பும்தான். அங்கிருந்து வெளியே வந்தால் வெள்ளை நடுகற்கள் நிரம்பிய கொவாச்சி அடக்கத்தலம். கற்களில் திரும்பத் திரும்ப 1992, 1993 என்றே இருக்கும். மேலும் ஏறினால் மஞ்சள் கொத்தளம். நோன்பு மாதத்தில் சூரியன் மறைந்ததும் இங்கிருந்து பீரங்கி வெடிப்பார்கள். மற்ற நாட்களில் இளைஞர்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி அமர்ந்திருப்பார்கள். பள்ளிவாசல் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்படுவதையும், ஒரு பாங்கின் மீது மற்றொன்று வந்து ஏறுவதையும் இங்கிருந்து கேட்க வேண்டும். மழை பெய்திருந்தால் இறங்கும்போது கவனம். அந்தச் சரிவின் உருளைக் கற்களில் நானே ஒருமுறை உட்கார்ந்தபடியே பத்தடி இறங்கியிருக்கிறேன்.

நகரை ஒட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டுப் பாலம். வியெச்னித்சாவிலிருந்து ஆற்றோடு கிழக்கே சில கிலோமீட்டர் நடந்தால், பாறைகளுக்கு நடுவே ஒற்றை வளைவும் இருபுறம் இரண்டு வட்டத் துளைகளுமாக வெண்கல்லில் நிற்கும். இஸ்தான்புல் சாலை அதன் வழியாகத்தான் போயிற்று. சுல்தானின் ஆளுநர்களான புதிய வசீர்களை எதிர்கொண்டு அழைத்ததும், ஹஜ் பயணிகளை வழியனுப்பியதும் அங்கேதான். மேற்கே இலிஜாவுக்கு மூன்றாம் எண் டிராமில் போய், மர வரிசையுள்ள நீண்ட சாலையில் நடந்து போஸ்னா ஆற்றின் ஊற்றைப் பார்ப்பதும் நல்ல அரைநாள். ட்ரெபெவிச் மலைக்குக் கம்பிவடத் தொங்கூர்தி 2018-ல் மீண்டும் ஓடத் தொடங்கியது. மேலே 1984 குளிர்கால ஒலிம்பிக்கின் சறுக்குவண்டித் தடம் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. குறியிட்ட பாதையை விட்டுக் காட்டுக்குள் மட்டும் இறங்க வேண்டாம். போர்க்காலக் கண்ணிவெடிகள் நாட்டிலிருந்து முற்றிலும் அகற்றப்படவில்லை.

இப்போது மொஸ்தாருக்கு வருவோம். மிமார் ஹைருத்தீன் 1566-ல் கட்டி முடித்த ஒற்றை வளைவுப் பாலம், 1993 நவம்பர் 9 அன்று போஸ்னியக் குரோவேஷியர் படையின் பீரங்கித் தாக்குதலில் இடிந்து, 2004-ல் அதே வகைக் கல்லால் மீண்டும் எழுந்தது. அழகில் குறையில்லை, நெரேத்வா பள்ளத்தாக்கின் வழியாகப் போகும் இரண்டு மணி நேர ரயில் பயணமும் மறக்க முடியாதது. ஆனால் பகலில் போய்ப் பகலிலேயே திரும்புவோர் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பேருந்துக் கூட்டத்தோடுதான் பாலத்தில் நிற்க வேண்டும். இரவு தங்கினால் காலை ஏழு மணிக்குப் பாலம் உங்களுடையது.

ட்ராவ்னிக் அப்படியல்ல. 1697-ல் சவாய் இளவரசர் யூஜின் சாரயேவோவைக் கொளுத்திவிட்டுப் போன பின், போஸ்னியாவின் வசீர்கள் அங்கே குடிபெயர்ந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு இருந்தார்கள். வசீர் வந்தாலும் சில இரவுகளுக்கு மேல் தங்கவிடாத அளவுக்குச் சாரயேவோ வணிகர்களின் செருக்கு வளர்ந்திருந்தது என்பார்கள். தொண்ணூறு கிலோமீட்டர், பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். கோட்டையும் இரண்டு மணிக்கூண்டுகளும் இருந்தாலும், நான் உங்களை அனுப்புவது வண்ணப் பள்ளிவாசலுக்காக. வெளிச்சுவர் முழுவதும் திராட்சைக் கொடியும் பூவுமாகத் தீட்டிய அந்தக் கட்டடத்தின் தரைத்தளம் வளைவுகளோடு கூடிய கடைவரிசை. தொழுமிடம் அதற்கு மேலே. சாரயேவோவில் பல தெருக்களில் பரப்பி வைத்த ஏற்பாட்டை இங்கே ஒரே கூரையின் கீழ் அடுக்கியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு ‘நீல நீர்’ என்ற ஓடைக்கரையில் உணவு கேளுங்கள்.

உணவில் சைவம் பார்ப்பவருக்கு ஒரு குறிப்பு: போஸ்னியாவில் ‘புரெக்’ என்றால் இறைச்சி வைத்தது மட்டுமே. பாலாடைக்கட்டி வைத்தது சிர்னிட்சா, அதோடு கீரையும் சேர்ந்தால் ஸெல்யானிட்சா, உருளைக்கிழங்கு என்றால் க்ரொம்பிருஷா. பெயர் சொல்லிக் கேட்டால் தவறு நேராது, எடை போட்டுத் தருவார்கள். பள்ளிவாசலுக்குள் தொழுகை இல்லாத நேரத்தில் விடுவார்கள். பெண்கள் தலைக்கு ஒரு துணி வைத்திருக்க வேண்டும். நாணயம் மார்க், ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என நிலையாகக் கட்டியிருக்கிறார்கள். சிறு கடைகளில் பணமாகக் கொடுப்பதே எளிது. கடைசியாக, ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசாப் பகுதியான ஷெங்கனில் போஸ்னியா இல்லை. வியன்னா அல்லது சாக்ரெப் வழியாக வந்து அதே வழியில் திரும்புவதாக இருந்தால், உங்கள் ஷெங்கன் விசா பலமுறை நுழைவுக்கானதுதானா என்பதை விமானச்சீட்டு எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒருமுறை நுழைவு விசா நீங்கள் சாரயேவோவுக்குப் புறப்படும் அன்றே தீர்ந்துவிடும்.